காப்பிக்கொட்டை சேராத காப்பி

சென்ற கார்த்திகை மாதத்தில் தணிக்கை நிமித்தமாகத் திருத்தங்கல் சென்றிருந்தோம். கணக்குப் புத்தகங்களைப் பார்த்து முடித்த பின்னர், நெசவாளர் அங்கத்தினர் ஒருவர் தம் இல்லத்திற்கு அழைத்துச் சென்றார். அவருடைய மனைவியார் காப்பி டம்ளரை நம் முன் வைத்துவிட்டு, "சார், மருமகள் ஆறு மாதம் முழுகாமல் இருக்கிறாள். ஆஸ்பத்திரியில் காப்பியைக் குறைக்கச் சொல்லிவிட்டார்கள். அதனால் சிக்கரி அதிகம் சேர்ந்த மலிவுத் தூளாகப் பார்த்து வாங்குகிறோம். கெடுதல் குறையுமல்லவா?" என்று கேட்டார். நாம் பதில் சொல்வதற்குள் அடுத்த வீடுகளிலிருந்து நான்கு பெண்மணிகள் வந்து சேர்ந்தனர். அவர்கள் கையில் ஒரு கடன் விண்ணப்பமும் ஒரு கட்டு லேபிளும் இருந்தன. மூலிகைக் காப்பித் தூள் தயாரித்து விற்பதற்குச் சங்கத்தின் வழியாகக் கடன் வேண்டுமென்பது விண்ணப்பம். லேபிளிலோ பளபளப்பான காப்பிக்கொட்டைகள் குவியலாய் அச்சாகியிருந்தன. தூளில் என்னென்ன சேரும் என்று வினவினோம். சுக்கு, மல்லி, ஏதோ சில விதைகள் என்றார்கள். காப்பிக்கொட்டை எவ்வளவு என்று கேட்டதற்கு, "அது கிடையாது சார், அதுதானே விசேஷம்!" என்று ஒரே குரலில் சொல்லிச் சிரித்தார்கள்.

சிவகாசி அச்சகங்களுக்கு அருகில் குடியிருப்பவர்களுக்குச் சரக்கு தயாராகுமுன்பே லேபிள் தயாராகிவிடுவது இயல்புதான். ஆயினும் அந்த அம்மையாரின் கேள்வியும் இந்த விண்ணப்பமும் ஒரே விஷயத்தைப் பற்றியவை. காப்பிக்கு மாற்றாக வேரையும் விதையையும் வறுத்து அருந்துவது உலகில் பலகாலமாக இருந்துவரும் வழக்கம். அதில் எது நம்மவர்க்கு ஏற்றது, எது சங்கத்தின் பெயரில் விற்கத் தகுந்தது என்று விசாரித்தறிந்தவற்றை இங்கே எழுதுகிறோம்.

முதலில் காஃபீன் என்னும் பொருளைத் தெரிந்துகொள்ள வேண்டும். ஜெர்மானிய இரசாயன அறிஞர் ரூங்கெ என்பவர் 1819 இல் காப்பிக்கொட்டையிலிருந்து இதைப் பிரித்தெடுத்தார். உறக்கத்தைத் தள்ளிப்போடுவதே இதன் முக்கிய குணம். தறியில் இரவு நெடுநேரம் அமர்பவர்கள் காப்பி குடித்தால் தெம்பு வருகிறதென்று எண்ணுகிறார்கள். தெம்பு வருவதில்லை, களைப்பு தெரியாமல் மறைகிறது, அவ்வளவே. ஹைதராபாத்திலுள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024 இல் வெளியிட்ட உணவு வழிகாட்டியின்படி, 150 மில்லி கொண்ட ஒரு கோப்பை வடிகட்டிய காப்பியில் 80 முதல் 120 மில்லிகிராம் வரையும், உடனடிக் காப்பியில் 50 முதல் 65 வரையும், தேநீரில் 30 முதல் 65 வரையும் காஃபீன் உண்டு. நாளொன்றுக்கு 300 மில்லிகிராமுக்கு மேற்படாதிருப்பது நலம் என்கிறது அந்நூல். உணவுக்கு ஒரு மணி நேரம் முன்னும் பின்னும் காப்பி, தேநீர் இரண்டையும் தவிர்க்கும்படியும் கூறுகிறது. உணவிலுள்ள இரும்புச்சத்து உடலில் சேர்வதை இவற்றிலுள்ள துவர்ப்புப் பொருள்கள் தடுக்கின்றன என்பதே காரணம். இரத்தசோகை பரவலாயுள்ள நம் வீட்டுப் பெண்மணிகள் இதைக் கருத்தில் வைக்க வேண்டும். நாள்தோறும் 300 மில்லிகிராமுக்கு மேல் காஃபீன் உட்கொள்ளும் கர்ப்பிணிகள் அதைக் குறைத்துக்கொள்ள வேண்டுமென்று உலக சுகாதார நிறுவனமும் 2016 இல் அறிவுறுத்தியுள்ளது.

இனி அந்த அம்மையாரின் கணக்கைப் பார்ப்போம். சிக்கரியில் காஃபீன் அறவே இல்லை. ஆகவே பாதிக்குப் பாதி சிக்கரி கலந்த தூளில் காஃபீனும் பாதியாகக் குறையும் என்பது நியாயமான கணக்கே. ஆனால் இதில் ஓர் ஓட்டை இருக்கிறது. காப்பியில் அராபிகா, ரோபஸ்டா என இரு வகைகள் உண்டு. அராபிகாவைப்போல் ஏறக்குறைய இரு மடங்கு காஃபீன் ரோபஸ்டாவில் உள்ளது. மலிவான தூள்களில் ரோபஸ்டா சேர்வது வழக்கம். சிக்கரியால் குறைந்தது ரோபஸ்டாவால் திரும்ப வந்துவிட்டால் மருமகளுக்கு என்ன லாபம்? மேலும், தூள் இலேசாக இருக்கிறதென்று ஒரு கரண்டி கூடப் போடுவதும், ஒரு டம்ளருக்கு இரண்டாகக் குடிப்பதும் எல்லா வீட்டிலும் நடப்பவைதாமே!

சிக்கரி என்பது சூரியகாந்தி இனத்தைச் சேர்ந்த ஒரு செடியின் கிழங்கு போன்ற வேர். நீலநிறப் பூப் பூக்கும். நம் நாட்டில் குஜராத்தின் ஜாம்நகர்ப் பகுதியிலும் உத்தரப் பிரதேசத்தின் ஏட்டா மாவட்டத்திலும் குளிர்காலப் பயிராக விளைவிக்கிறார்கள். வேரைத் தோண்டியெடுத்துக் கழுவித் துண்டுபோட்டு உலர்த்தி வறுத்து அரைக்கிறார்கள். அந்த வேரில் இன்யூலின் என்னும் சத்து மிகுதியாக உண்டு. வறுக்கும்போது அது சர்க்கரையாகச் சிதைந்து கருகி, பழுப்பு நிறத்தையும் கசப்பு கலந்த இனிப்பையும் தருகிறது. காப்பி திடமாகவும் நிறமாகவும் இருக்கிறதென்று நாம் மெச்சுவதில் பெரும்பகுதி இந்த வேரின் கைங்கரியம். ஐரோப்பாவில் 1806 இல் நெப்போலியன் ஆங்கிலேயருடன் வர்த்தகத்தைத் தடுத்தபோது காப்பிக்கொட்டை வரத்து அருகிப்போயிற்று. பிரெஞ்சு மக்கள் சிக்கரி வேரைக் கொண்டு காலந்தள்ளினார்கள். தடை நீங்கிய பின்பும் நாவில் ஏறிய ருசி நீங்கவில்லை.

நம் நாட்டு உணவுப் பாதுகாப்பு விதிகளின்படி, காப்பி-சிக்கரிக் கலவையில் காப்பி 51 சதவீதத்திற்குக் குறையலாகாது. இரண்டும் எத்தனை சதவீதம் என்பதை உறையின் மேல் அச்சிட வேண்டும். அங்கத்தினர்களில் எத்தனை பேர் அந்த எழுத்தைப் படித்துப் பார்க்கிறோம்? ஒரு கிலோ தூளில் சிக்கரி 40 சதவீதம் என்றிருந்தால், 400 கிராம் வேருக்கும் சேர்த்தே காப்பி என்று பணம் கொடுக்கிறோம். சிக்கரி குற்றமான பொருள் என்று நாம் சொல்லவில்லை. அறிந்து வாங்குக என்கிறோம். ஐயமிருப்பின் கண்ணாடித் தம்ளரில் தண்ணீர் நிரப்பி அரைக்கரண்டி தூளை மேலே தூவிப் பாருங்கள். காப்பித் தூள் சிறிது நேரம் மிதக்கும். சிக்கரியோ நிறக்கோடு இழுத்துக்கொண்டு உடனே அடியில் இறங்கும். அந்த வீட்டிலேயே இதைச் செய்து காட்டினோம். மருமகள் ஓடிவந்து பார்த்தாள்.

தனிச் சிக்கரித் தூளும் கடைகளில் கிடைக்கிறது. காஃபீன் வேண்டாதவர்கள் அதையே பால் சேர்த்து அருந்தலாம். எனினும் இரண்டு எச்சரிக்கைகள் உண்டு. இன்யூலின் சிலருக்கு வயிற்றில் வாயுவை உண்டாக்கும். மேலும், கடுஞ்சூட்டில் வறுபடும் பண்டங்களில் அக்ரிலமைடு என்ற வேண்டாத பொருள் தோன்றுகிறது. இதற்கு ஐரோப்பிய நாடுகள் 2017 இல் குறித்த அளவு, வறுத்த காப்பிக்குக் கிலோவுக்கு 400 மைக்ரோகிராம், சிக்கரிக்கு 4000. வேர் என்ற காரணத்தாலேயே அதை அமிர்தமென்று கொள்ளலாகாது என்பதற்காக இதைச் சொன்னோம். நம் கரிசலில் சிக்கரி பயிரிடலாமா என்று ஓர் இளைஞர் கேட்டார். குளிர்ந்த பருவமும் பாசனமும் வேண்டும் பயிரை, மானாவாரி நிலத்தில் வைத்துப் பார்க்கும்படி நாம் யாருக்கும் சொல்லமாட்டோம்.

காப்பிக்கொட்டையிலிருந்தே காஃபீனை நீக்கி விற்பதும் உண்டு. ஜெர்மனியில் ரோசேலியுஸ் என்ற வணிகர் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இதைத் தொழிலாக நடத்திக் காட்டினார். அது பெரிய ஆலைகளின் காரியம், நம் சங்கங்களுக்குரியதன்று.

நம் நிலத்தில் விளைவது மல்லி. ஐப்பசி, கார்த்திகையில் விதைத்து மாசி, பங்குனியில் அறுக்கிறோம். விருதுநகர்ச் சந்தை விலைப் பட்டியலில் வத்தல், பருப்பு வகைகளோடு மல்லிக்கும் நிலையான இடமுண்டு. மல்லியும் சுக்கும் சேர்ந்த பானத்தை நம் முன்னோர் சுக்குக் காப்பி என்றே அழைத்தார்கள். பெயரில்தான் காப்பி, உள்ளே காப்பிக்கொட்டையும் இல்லை, காஃபீனும் இல்லை. கருப்பட்டிக் காப்பி என்பதில் மட்டும் கவனம் தேவை. சில வீடுகளில் அது சுக்கு நீர். சில வீடுகளில் கருப்பட்டி போட்ட அசல் காப்பியே. மருத்துவர் விலக்கச் சொன்னவர்கள் பெயரைக் கேட்டு ஏமாறாமல் தூளைக் கேட்டறிய வேண்டும்.

செய்முறையைச் சற்று விரிவாகவே சொல்கிறோம். மல்லியைப் புடைத்துக் கல், காம்பு நீக்கி, அகன்ற இரும்புச் சட்டியில் இளஞ்சூட்டில் கைவிடாமல் கிளறி வறுக்க வேண்டும். மணம் எழுந்து நிறம் பொன்னாகும்போது இறக்கிவிட வேண்டும். சட்டியிலேயே விட்டுவைத்தால் சட்டியின் சூடு அதைக் கருக்கிவிடும். ஆதலால் உடனே முறத்தில் பரப்பி ஆறவிடுக. சுக்கின் மேற்றோலைச் சுரண்டியெடுக்க வேண்டும். சுக்குக்குத் தோலில் நஞ்சு என்று பாட்டிமார் சொல்வார்கள். நஞ்சோ இல்லையோ, மேலே பூசிய சுண்ணாம்பும் மண்ணும் அத்தோடு போய்விடும். மல்லி நான்கு பங்குக்குச் சுக்கு ஒரு பங்கு, மிளகு சிறிதளவு, விரும்பினால் ஏலம். சுக்கைத் தட்டி இலேசாகச் சூடேற்றினால் நன்றாக அரைபடும். கருப்பட்டியைத் தூளோடு சேர்த்து அடைக்கவே கூடாது. அது காற்றின் ஈரத்தை இழுத்துத் தூள் முழுவதையும் கட்டியாக்கிவிடும். தனியே பொட்டலமிட்டுக் கொடுப்பதே முறை. பால் சேர்ப்பவர்கள் கருப்பட்டி நீரோடு பாலைக் கொதிக்கவிட்டால் திரிந்துபோகலாம். அடுப்பை அணைத்த பின் சேர்த்தால் திரியாது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். கருப்பட்டி சர்க்கரை நோய்க்குக் கெடுதல் செய்யாது என்ற நம்பிக்கை நம் பக்கத்தில் வேரூன்றியிருக்கிறது. கருப்பட்டியும் சர்க்கரையே. அந்த நோயுள்ளவர்கள் சுக்குமல்லி நீரை இனிப்பின்றிக் குடித்துப் பழகுவதே நல்லது. நெஞ்செரிச்சல் உள்ளவர்களுக்குச் சுக்கின் காரம் ஒத்துக்கொள்ளாது. கர்ப்பிணிகள் மருத்துவரைக் கேட்டு அளவாகக் கொள்க.

அத்தகையவர்களுக்கு ஏற்றது கோதுமைக் காப்பி. 1910 இல் ஜோகன்ஸ்பர்க் நகருக்கு அருகே காந்தியடிகள் அமைத்த டால்ஸ்டாய் பண்ணையில் காலையுணவு ரொட்டியும் கோதுமைக் காப்பியும்தான். அங்கே வாழ்ந்தவர்களில் தமிழர் பலர். உடல்நலம் பற்றிய தமது நூலிலும் காந்தியடிகள் இதைப் பரிந்துரைத்திருக்கிறார். முழுக் கோதுமையைச் சுத்தம் செய்து, கருஞ்சிவப்பு நிறம் வரும்வரை வறுத்து, காப்பித்தூள் பதத்திற்குக் கொரகொரப்பாகத் திரித்துக்கொள்ள வேண்டும். நீரில் கொதிக்கவைத்து வடிகட்டிப் பாலும் இனிப்பும் சேர்த்தால் நிறத்திலும் கசப்பிலும் காப்பிக்கு ஒருவாறு அருகில் வரும். ஜப்பானிலும் கொரியாவிலும் பார்லியை வறுத்து இவ்வாறே நீராக அருந்துகிறார்கள். இத்தாலியில் பார்லிக் காப்பி சாதாரணமாகக் கிடைக்கும். துருக்கியில் கொண்டைக்கடலையை வறுத்துக் காப்பி செய்வார்கள். நம் சோளத்தையும் இவ்விதம் வறுத்துப் பார்த்தோம். மணம் நன்றாக வந்தது, நிறம் போதவில்லை.

இனி விதைகளைப் பற்றி. விண்ணப்பத்தில் 'ஏதோ சில விதைகள்' என்றிருந்ததைக் கண்டபோதே நமக்கு நெஞ்சு திடுக்கிட்டது. விதைகளைக் கொண்டுவரச் சொன்னோம். வேலியோரத்திலும் கண்மாய்க் கரையிலும் சேகரித்த ஒரு படி விதை வந்தது. தகரை விதை என்றார்கள். தகரை விதையையும் நத்தைச்சூரி விதையையும் வறுத்துக் காப்பிக்குப் பதிலாக அருந்துவது உண்மையே. நத்தைச்சூரி காப்பிச்செடியின் குடும்பத்தையே சேர்ந்தது. ஆனால் அந்தப் படிக்குள் வேறு விதையும் கலந்திருந்தது. பறித்த இடத்திற்கே அழைத்துச் சென்று காட்டச் சொன்னபோது, தகரையோடு பேயாவரையும் அடர்ந்து நின்றது. தகரையின் இலை நுனி மழுங்கியிருக்கும், மூன்று இணைகளாக இருக்கும். காய் மெலிந்து நீண்டு வளைந்திருக்கும். பேயாவரையின் இலை நுனி கூர்மையானது, நான்கு முதல் ஆறு இணைகள் உண்டு. கசக்கினால் துர்நாற்றம் வீசும். காய் தட்டையாக, ஓரம் வெளிறித் தோன்றும். செடியில் காணும் இந்த வித்தியாசம் படியில் கொட்டிய விதையில் எளிதில் தெரியாது.

பேயாவரையையும் சில நாடுகளில் வறுத்துக் காப்பியாக்கியதுண்டு. எனினும் மேற்கு உத்தரப் பிரதேசத்தில் ஆண்டுதோறும் சிறு குழந்தைகளைத் தாக்கிவந்த ஒரு மர்ம நோய்க்கு, விளையாட்டாக இந்தக் காய்களைத் தின்றதே காரணமென்று மருத்துவர்கள் ஆராய்ந்து 2007 இல் வெளியிட்டார்கள். ஈரல், தசை, மூளை மூன்றும் பாதிக்கப்பட்டுக் குழந்தைகள் சில நாட்களில் மாண்டனர். வறுத்தால் விஷம் முறிந்துவிடும் என்று ஒரு பாட்டியம்மாள் வாதித்தார். அவர் சொல்வது ஓரளவு சரியாகவே இருக்கட்டும். எவ்வளவு சூட்டில், எவ்வளவு நேரத்தில் முறியும் என்பதை அளக்க நம்மிடம் கருவியில்லை. வாங்கிக் குடிப்பவர் ஆறு மாதக் கர்ப்பிணியாக இருக்கலாம். படி விதையையும் குழிதோண்டிப் புதைக்கச் சொன்னோம். பெண்மணிகளுக்கு வருத்தந்தான், மூன்று நாள் வெயிலில் சேகரித்தது. எங்கோ பறித்த விதை எதையும் சங்கத்தின் சரக்கில் சேர்ப்பதில்லை என்று நிகழ்ச்சிப் புத்தகத்தில் தீர்மானம் எழுதிக் கையொப்பம் வாங்கினோம்.

விண்ணப்பத்தையும் திருப்பிக் கொடுத்தோம். அதன் மதிப்பீட்டில் 10 கிலோ சரக்குக்கு 10 கிலோ தூள் என்று கணக்கிட்டிருந்தார்கள். வறுக்கும்போது ஈரம் போகும், புடைக்கும்போது காம்பு போகும், சலிக்கும்போது கப்பி போகும். காப்பிக்கொட்டைகூட வறுபடுகையில் எடையில் ஆறில் ஒரு பங்கு அளவுக்கு இழக்கிறது. இந்தச் சேதாரத்தை விட்டு விலை வைத்தால் ஒவ்வொரு கிலோவிலும் முதலே கரையும். விறகு, உறை, அரைவைக்கூலி ஒன்றும் கணக்கில் இல்லை. லேபிள் செலவு மட்டும் பைசா சுத்தமாக இருந்தது.

வறுக்குமிடம் பற்றியும் கேட்டோம். ஒரு வீட்டின் பின்கட்டைக் காட்டினார்கள். அதன் சுவரையொட்டிய அறையில் வெடிக்குழாய் சுற்றும் காகிதக்கட்டுகள் கூரைவரை அடுக்கியிருந்தன. நம் பக்கத்தில் இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை. அடுப்பு வேறு தெருவிலுள்ள ஓட்டுக்கொட்டகைக்கு மாறியது.

பதினைந்து நாள் கழித்து மீண்டும் சென்றோம். அங்கத்தினரிடமே வாங்கிய 8 கிலோ மல்லி, 2 கிலோ சுக்கு, கால் கிலோ மிளகு ஆகியவற்றை எடைபோட்டு நம் முன்னிலையில் வறுத்து அரைத்தார்கள். சலித்து நிறுத்தபோது 8 கிலோ 900 கிராம் நின்றது. அந்த அளவைக்கொண்டு மதிப்பீட்டைத் திரும்ப எழுதினார்கள். கூட்டுறவுக்கும் காப்பிக்கும் உறவு புதிதன்று. காப்பி வாரியம் தன் காப்பி இல்லங்களை மூடத் தொடங்கியபோது வேலையிழந்த தொழிலாளர்கள், ஏ. கே. கோபாலன் அவர்களின் ஊக்கத்தால் 1957 முதல் கூட்டுறவுச் சங்கங்கள் அமைத்து அவற்றைத் தாமே நடத்தினார்கள். இன்றும் இந்தியன் காப்பி ஹவுஸ் என்ற பெயரில் அவை நடக்கின்றன. அவர்களுக்குப் பழகிய தொழிலாவது கையில் இருந்தது. நம் பெண்மணிகள் ஐவரும் எடையும் கணக்குமே இப்போதுதான் கற்கிறார்கள். ஆகவே முதலாண்டில் சங்கப் பண்டகசாலையில் மட்டும் விற்பது, ஒரு மாதத்தில் விற்கக்கூடியதற்கு மேல் அரைப்பதில்லை, அறுவடையில் மல்லியைச் சங்க அங்கத்தினரிடமே சந்தை விலைக்குக் கொள்வது, உணவுப் பாதுகாப்புத் துறையின் பதிவுச் சான்று கைக்கு வருமுன் ஒரு பொட்டலமும் வெளியே போகாதிருப்பது என்ற நான்கு நிபந்தனைகளோடு விண்ணப்பத்தை மத்திய வங்கிக்கு அனுப்பியிருக்கிறோம். முடிவு இன்னும் வரவில்லை.

லேபிளைப் பற்றித்தான் நீண்ட வாக்குவாதம் நடந்தது. காப்பிக்கொட்டைப் படத்தை எடுத்துவிட்டால் யார் வாங்குவார்கள் என்று கேட்டார்கள். கொட்டையைப் பார்த்து வாங்குகிறவர் ஒருமுறைதான் வாங்குவார் என்றோம். கடைசியில் 'சுக்குமல்லித் தூள், காப்பிக்கொட்டை சேராதது' என்று எழுதச் சம்மதித்தார்கள். மருமகளுக்குச் சுக்கு பிடிக்கவில்லை. கோதுமைக் காப்பியைத்தான் இருவேளையும் குடிக்கிறாளாம். அச்சடித்து வீணான 2,000 லேபிள்களும் போன பாடில்லை. அவற்றின் வெறும் பின்புறத்தில்தான் இப்போது ஒவ்வொரு வறுவலின் எடையையும் தேதி போட்டு எழுதிவருகிறார்கள்.